கோவிற்பற்று ஒன்று; கோவில் இரண்டு

யாழ்ப்பாணத்திலே காணி உறுதி ஒன்றை விரித்துப் படித்தவர்கள் அதன் நடுவே ஒரு சொல்லைக் கண்டிருப்பார்கள். மாவட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் கூறியபின், இன்ன கோவிற்பற்று என்று அச்சொல் வரும். சைவருடைய காணிக்கும் அதுவே விலாசம். கிறிஸ்தவருடைய காணிக்கும் அதுவே விலாசம். இக்கோவில் எக்கோவில் என்று நம்மில் எத்தனை பேர் வினாவியிருப்போம்? அது ஊரிலுள்ள பிள்ளையார் கோவிலுமன்று, கந்தசாமி கோவிலுமன்று. போர்த்துக்கேயர் வகுத்து, ஒல்லாந்தர் கைக்கொண்ட கிறிஸ்தவ தேவாலயப் பிரிவே கோவிற்பற்று எனப்பட்டது. ஆலயம் போயிற்று, ஆட்சி போயிற்று, சொல் மாத்திரம் நம்முடைய வேலிகளுக்குள்ளே குடியிருக்கின்றது.

இதனை ஈண்டு எடுத்துரைத்தற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், வலிகாமத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து முதியவர் இருவர் என் இல்லத்துக்கு வந்தனர். ஒருவர் தென்னிந்திய திருச்சபையைச் சேர்ந்த மூப்பர். மற்றவர் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவர். இருவருடைய ஆலயங்களும் ஒரே ஊரில், கூப்பிடு தொலைவில் உள்ளவை. ஒன்றிலே கூரை செம்மையாக இருக்கின்றது, கும்பிட ஆள் இல்லை. மற்றதிலே ஆள் கொஞ்சம் உண்டு, கூரை ஒழுகுகின்றது. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வாழ்கின்றார்கள். எஞ்சியிருப்போர் முதியவர்களும் வறியவர்களுமே. ஆதலின், இரு சபையாரும் சில கருமங்களைச் சேர்ந்து செய்வதென்று துணிந்து, அதற்கு ஓர் உடன்பாட்டுப் பத்திரம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டனர்.

“ஐயா, நீங்கள் சைவர். எங்களுக்குள்ளே ஒருவர் எழுதினால் ஒரு பக்கம் சாய்ந்தது என்று மற்றப் பக்கம் சொல்லும். நீங்கள் எழுதினால் அந்தக் கதை இல்லை” என்றார் மூப்பர்.

அவர் கூறிய காரணத்தை நான் பின்னர்ப் பலமுறை எண்ணிப் பார்த்தேன். ஒரே இறைவனை, ஒரே வேதநூலைக்கொண்டு வழிபடுவோர், தமக்குள் ஓர் ஏடு எழுதுதற்கு அயலவன் ஒருவனைத் தேடி வரவேண்டிய நிலை எங்ஙனம் உண்டாயிற்று? அதனை அறிதற்குச் சற்றே பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின், கோவிற்பற்று ஒவ்வொன்றிலும் ஆலயமும் பள்ளிக்கூடமும் ஒன்றாகவே நடந்தன. பிறப்பும் மணமும் அங்கேயே பதியப்பட்டன. உத்தியோகம் வேண்டுவோர் ஞானஸ்நானம் பெறுதல் வேண்டும் என்பது அக்கால வழக்கு. ஆகவே ஊர் முழுதும் ஏட்டிலே ஒரே சபையாக இருந்தது. உள்ளத்திலே பலவாக இருந்தது. 1795ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் வந்து அக்கட்டாயம் தளர்ந்தபோது, அச்சபை வெயில் கண்ட பனிபோல மறைந்தது. அதிகாரத்தினால் வந்த ஒருமை அதிகாரத்தோடு போய்விட்டது என்பதே அதனால் நாம் பெறும் பாடம்.

அதன்பின் வந்தது பிரிவின் காலம். 1814ஆம் ஆண்டிலே வெசிலியன் மெதடிஸ்த பாதிரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். 1816ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனார் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பழைய ஆலயங்களைத் திருத்தி அமர்ந்தனர். 1818ஆம் ஆண்டிலே இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷனரிச் சங்கத்தைச் சேர்ந்த யோசேப்பு நைற் என்பார் நல்லூரிலே தம் பணியைத் தொடங்கினார். குடாநாடு சிறியது, வந்த சங்கங்களோ மூன்று. ஆயினும் அவர்கள் ஒருவர் வயலில் ஒருவர் உழவில்லை. நகரமும் பருத்தித்துறைப் பகுதியும் மெதடிஸ்தருக்கும், நல்லூர், சுண்டிக்குளி, கோப்பாய் முதலியன திருச்சபைச் சங்கத்தாருக்கும், வலிகாமத்தின் பெரும்பகுதியும் தீவுகளும் அமெரிக்கருக்கும் என்றவாறு பெரும்பாலும் பங்கிட்டுக்கொண்டனர்.

இப்பங்கீட்டினாலே நன்மையும் விளைந்தது, தீமையும் விளைந்தது. போட்டி குறைந்தது நன்மை. ஒருவன் எந்தச் சபையைச் சேர்ந்தவன் என்பது அவன் ஆராய்ந்து தெளிந்த கொள்கையினால் அன்றி, அவன் பிறந்த வீடு எந்த ஒழுங்கையில் இருந்தது என்பதனால் முடிவாயிற்று, இது தீமை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுந்த வழக்குகள் நம்முடைய பனங்கூடல்களுக்கு இடையே வேலியாக வந்து நின்றன. பின்னர்ப் பெண் கொடுத்தும் கொண்டும், உத்தியோகத்தினால் ஊர் மாறியும் மக்கள் கலந்தபோது, ஓர் ஊரிலேயே இரு சபைகள் உண்டாயின. ஒரே குடும்பத்திலே அண்ணன் ஓர் ஆலயத்துக்கும் தங்கை மற்றோர் ஆலயத்துக்கும் போகலாயினர்.

ஆயினும் அவர்கள் சேர்ந்து செய்த கருமங்களும் சிலவல்ல. தமிழாசிரியனாகிய எனக்கு அவற்றுள் முதன்மையாகத் தோன்றுவன அச்சும் அகராதியுமே. 1820ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனாருக்கு உதவியாக அச்சாளர் ஒருவர் வந்தபோது, அக்காலத்து ஆங்கில அரசு அவர் இங்கே தங்குதற்கு இடங்கொடுக்கவில்லை. அதனால் அமெரிக்கருடைய அச்சியந்திரம் நல்லூரிலே திருச்சபைச் சங்கத்தாருடைய பொறுப்பில் விடப்பட்டது. அரசின் தடை அமெரிக்கருக்கே உரியது, அயற்சபையாருக்கு அன்று. ஆகவே ஒருவர் பொருளை மற்றவர் காத்து நடத்தினர். 1834ஆம் ஆண்டளவில் அமெரிக்க மிஷன் அச்சகம் மானிப்பாயில் அமைந்தது. 1841ஆம் ஆண்டிலே ‘உதயதாரகை’ என்னும் பத்திரிகை அங்கிருந்தே வெளிவந்தது.

அகராதியின் கதை இதனினும் அரியது. நல்லூரிலிருந்த யோசேப்பு நைற் தமிழ்ச் சொற்களைத் திரட்டத் தொடங்கினார். நம்மூர்த் தமிழறிஞர்கள் அவருக்கு உதவினர். பணி முற்றுப்பெறுமுன் 1840ஆம் ஆண்டிலே அவர் காலமானார். அவர் திரட்டிய ஏடுகள் அவருடைய சபையாரின் பெட்டியிலே பூட்டி வைக்கப்படவில்லை. அமெரிக்க மிஷனாருடைய கைக்கு வந்தன. ஸ்போல்டிங் முதலியோர் முயற்சியால் 1842ஆம் ஆண்டிலே மானிப்பாய் அகராதி வெளிவந்தது. 1862ஆம் ஆண்டிலே வின்சிலோ பெயரால் சென்னையில் வெளிவந்த பேரகராதியின் முகப்பிலேயே, நைற் பாதிரியார் விட்டுச்சென்ற கையெழுத்துத் திரட்டின் உதவி குறிக்கப்பட்டிருக்கின்றது. அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்நூலை இன்றும் புலமையுடையோர் புரட்டுகின்றனர். ஒரு சபையார் விதைத்ததை மறுசபையார் அறுத்தனர். உண்டவர்களோ தமிழ் கற்போர் எல்லாரும். கூட்டுப்பணி என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வேதநூல் மொழிபெயர்ப்பும் இத்தகையதே. மெதடிஸ்தராகிய பேர்சிவல் பாதிரியார் செய்த மொழிபெயர்ப்புக்குத் துணையாக இருந்தவர் சைவப்பெரியாராகிய ஆறுமுக நாவலர் என்பதை மாணாக்கரும் அறிவர். 1850ஆம் ஆண்டிலே வெளிவந்த அம்மொழிபெயர்ப்பு நிலைபெறவில்லை. பின்னர்ப் பல சங்கத்தாரும் ஏற்கத்தக்கதாக, போவர் பாதிரியார் தலைமையில் ஒரு குழுவினர் செய்த ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871ஆம் ஆண்டிலே முற்றுப்பெற்றது. கடவுளைப் ‘பராபரன்’ என்பதா, ‘தேவன்’ என்பதா என்ற வழக்கு அக்காலத்துச் சிறு வழக்கன்று. ஒரு சொல்லிலே உடன்படுதற்கு அவர்களுக்குப் பல ஆண்டு சென்றது. கத்தோலிக்கரும் ஏனைய சபையாரும் கூடிச் செய்த ‘திருவிவிலியம்’ 1995ஆம் ஆண்டிலே வெளிவந்தபோது, அதிலே ‘கடவுள்’ என்னும் சொல்லே அமைந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருடைய கீர்த்தனைகளோ இவ்வழக்குகளுக்கெல்லாம் காத்திராமல், எல்லாச் சபையாருடைய நாவிலும் முன்னரே ஏறிவிட்டன. மொழியும் இசையும் சேர்த்துவைத்த இடத்துக்குச் சட்டம் மெல்ல மெல்லத்தான் வந்து சேரும்.

மருத்துவப் பணியிலும் சபை எல்லை நில்லாது. 1847ஆம் ஆண்டிலே வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியப்பணியைத் தொடங்கிய கிறீன் வைத்தியர், மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். நோயாளியிடம் நாடி பார்க்குமுன் நெற்றி பார்க்கும் வழக்கம் அங்கே இருக்கவில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென இணுவிலிலே பின்னர் எழுந்த மக்லியோட் வைத்தியசாலையும் அவ்வாறே ஊர் முழுமைக்கும் உரியதாயிற்று.

இனி, சபைகள் தாமே ஒன்றாகும் முயற்சி எவ்வளவு தூரம் சென்றது என்பதைக் காண்போம். 1908ஆம் ஆண்டிலே தென்னிந்திய ஐக்கிய சபை தோன்றியபோது யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகள் அதிற் சேர்ந்தன. 1919ஆம் ஆண்டிலே தரங்கம்பாடியிலே கூடிய இந்தியப் போதகர்கள், தம்மைப் பிரித்துவைத்த பிரிவுகள் தாம் உண்டாக்கியவையல்ல, வெளியிலிருந்து வந்தவை என்று எடுத்துக்கூறி, ஒருமைக்கு அழைப்பு விடுத்தனர். அவ்வழைப்பு இருபத்தெட்டு ஆண்டு கழித்துக் கனிந்தது. 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆந் தேதி சென்னையிலே தென்னிந்திய திருச்சபை உதயமாயிற்று. யாழ்ப்பாணம் அதன் ஓர் அத்தியட்சாதீனமாகி, தமிழறிஞராகிய சபாபதி குலேந்திரன் அதன் முதற் பேராயரானார். ஆயின், தென்னிந்தியாவிலே மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் அதிற் சேர்ந்தபோது, இங்கே அவ்விரு சபையாரும் தனித்தே நின்றனர். இலங்கைச் சபைகளை ஒன்றாக்குதற்கு வகுத்த திட்டம் 1972ஆம் ஆண்டிலே நிறைவேறும் தறுவாயில், நீதிமன்ற வழக்கினால் நின்றுபோயிற்று. நிலைத்து நின்றது ஒன்று உண்டு: கண்டிக்கு அண்மையில் பிலிமத்தலாவையிலே 1963ஆம் ஆண்டு தொடங்கிய இறையியற் கல்லூரி. அங்கே பல சபைகளின் போதகர்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஒருங்கே பயில்கின்றனர்.

இனி என் இல்லத்துத் திண்ணைக்கு மீள்வோம். மூப்பர்கள் தாமே எழுதிக்கொண்டு வந்த தாளின் தலைப்பு ‘ஐக்கிய ஊழியம்’ என்றிருந்தது. முதலாவது சொல்லைப்பற்றி அவர்களுக்குள்ளேயே மனத்தாங்கல். மெதடிஸ்தப் பெரியவர் அதனை வெட்டிவிடும்படி கேட்டார்.

“ஐக்கியம் என்றால் பிறகு எங்களுடைய பெயர் இராது, ஐயா. என்ர அப்பு கல் சுமந்து கட்டின கோயில் அது” என்றார். அவர் குரல் தழுதழுத்தது.

நான் இலக்கணத்தைத் துணைக்கழைத்தேன். இரு சொற்கள் புணருமிடத்துத் தோன்றல், திரிதல், கெடுதல் என விகாரங்கள் உண்டு. அவையின்றி இரு சொற்களும் இருந்தபடியே நின்று சேர்தலும் உண்டு. அதனை இயல்பு புணர்ச்சி என்பர். “உங்களுடையது இயல்பு புணர்ச்சியாக இருக்கட்டும். எந்த எழுத்தும் கெடவேண்டியதில்லை” என்றேன். தலைப்பிலே ‘ஐக்கியம்’ போய்க் ‘கூட்டு’ வந்தது.

‘ஊழியம்’ என்னும் சொல்லைப்பற்றியும் எனக்கு ஓர் ஐயம் இருந்தது. ஒல்லாந்தர் காலத்திலே ஊழியம் என்பது குடிமக்கள் அரசுக்குக் கூலியின்றிச் செய்த கட்டாய வேலை. அந்தக் கசப்பு அச்சொல்லிலே படிந்திருக்கின்றதே, தொண்டு என்று எழுதினால் என்ன என்று வினாவினேன். மூப்பர் சிரித்தார். “எங்கட பாட்டன்மார் பயந்து செய்ததை நாங்கள் விரும்பிச் செய்கிறோம். அந்தச் சொல்லே இருக்கட்டும், பண்டிதர் ஐயா” என்றார். சொல்லை வைத்துப் பிழைப்பவன் நான். அன்று சொல்லுக்குப் பொருள் கூறியவர் அவரே.

பத்திரம் நீண்டதன்று. ஒரு சபையின் போதகர் இல்லாத வேளையில் மற்றைச் சபையின் போதகர் நோயாளரைக் காணவும் மரணச் சடங்கை நடத்தவும் வேண்டும். நத்தார்க் காலத்திலே வீடு வீடாகச் சென்று கீதம் பாடுவோர் ஒரே குழுவாகச் செல்லவேண்டும். மார்ச் மாதத்து முதல் வெள்ளியிலே பெண்கள் கொண்டாடும் உலக மன்றாட்டு நாளை ஓராண்டு ஓர் ஆலயத்திலும் மறு ஆண்டு மற்ற ஆலயத்திலும் நடத்தவேண்டும். கதிரைகளும் பாத்திரங்களும் பொது. கூரை ஒழுகாத மண்டபத்திலே மாலைவேளையில் ஊர்ப்பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு. காணியும் கட்டடமும் அவரவர் பெயரிலேயே இருக்கும். இரு சபையின் மேலிடங்களுக்கும் அறிவித்தே எல்லாம் நடைபெறும். இது நொத்தாரிசிடம் போகும் கடதாசியன்று; மனச்சாட்சிக்கு முன் வைக்கும் கடதாசி.

வகுப்பைப்பற்றிய பந்திக்கு வந்தபோது நான் எழுதுகோலை நிறுத்தினேன். சைவனாகிய என் உள்ளத்திலே பழைய அச்சம் ஒன்று தலைகாட்டியது. கல்வியைக் காட்டி மதம் மாற்றுகின்றார்கள் என்ற குற்றச்சாட்டு இந்நாட்டிலே நூற்றாண்டுகளுக்கு மேற்பட்டது. அதற்கு விடையாக எழுந்தனவே நம்முடைய சைவப் பாடசாலைகள். நான் வாய் திறக்குமுன் மெதடிஸ்தப் பெரியவர் சொன்னார்: “வகுப்பிலே ஜெபம் இல்லை, பெயர்ப்பதிவிலே சமயம் இல்லை என்று எழுதுங்கோ. எங்களிலே ஒரு சபை மாத்திரம் நடத்தினால் ஆள் பிடிக்கிறதென்று ஊர் சொல்லும். இரண்டும் சேர்ந்து நடத்தினால், பிடித்த ஆளை எந்தப் பக்கம் வைக்கிறது?”

நகைச்சுவையாகக் கூறினாலும் அது ஆழ்ந்த உண்மை. தலையெண்ணும் நோக்கம் இருக்குமிடத்துத் தொண்டு தூண்டிலாகிவிடும். இருவர் சேர்ந்து செய்யுமிடத்து இவ்வெண்ணிக்கைக்கு இடமில்லை. ஆகவே கூட்டுப்பணியினால் நன்மை பெறுவோர் சபையார் மாத்திரமல்லர். அவர்களை ஐயுறும் அயலவரும் ஐயம் நீங்கி நன்மை பெறுகின்றனர். வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, அதற்குமுன் ஒப்புரவறிதல் என வேறோர் அதிகாரமும் வகுத்தார். ஈகை இல்லாதவனுக்கு ஒருவன் கொடுப்பது. ஒப்புரவு ஊருக்கு எல்லாரும் உதவுவது. அவ்வதிகாரத்திலே ஊரார் நீருண்ணும் குளம் உவமையாக வருதல் அறியத்தக்கது. குளத்து நீரிலே எவர் வாய்க்காலினால் வந்த நீர் எது என்று பிரித்தறிவார் இல்லை.

இவ்வளவும் கூறி, குறையை மறைத்தல் நேர்மையாகாது. சிற்றூர்ச் சபைகளைப் பிரித்தது மேனாட்டுக் கொள்கை மாத்திரமன்று. நம் நாட்டுச் சாதியும் ஆலயத்தினுள்ளே புகுந்து, இருக்கையிலும் கல்லறையிலும் தனக்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டது. தரங்கம்பாடியிலே கூடியவர்கள் வெளியிலிருந்து வந்தது என்று பழித்த பிரிவைக் காட்டிலும், உள்ளிருந்தே முளைத்த இப்பிரிவு கொடிது. போதகரையும் பாத்திரத்தையும் பொதுவாக்கியோர் பந்தியையும் மயானத்தையும் பொதுவாக்காவிடின், கூட்டுப்பணி முகப்போடு நின்றுவிடும். அன்று என் திண்ணையில் இருந்த இருவரும் இதைப்பற்றிப் பேசவில்லை; நானும் கேட்கவில்லை. கேட்டிருத்தல் வேண்டும் என்று இன்று எண்ணுகின்றேன்.

போர்க்காலம் இவ்வெல்லைகளைச் சிலநாள் அழித்துக் காட்டிற்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, பாடசாலைகளும் கோவில்களும் தேவாலயங்களும் ஒருங்கே தஞ்சமாயின. அவ்வாண்டு யூலை மாதத்திலே நவாலித் தேவாலயத்திலே தஞ்சம் புகுந்தோர்மேல் குண்டு வீழ்ந்தபோது, இறந்தவர்களுடைய சமயத்தை அக்குண்டு கேட்கவில்லை. 2004ஆம் ஆண்டு மார்கழியிலே ஆழிப்பேரலை கரையோரங்களை வாரிச்சென்ற பின்பும், கஞ்சி காய்ச்சியவர் எச்சபையார் என்று எவரும் வினாவவில்லை. துன்பத்திலே கற்ற பாடத்தை அமைதியிலே மறத்தல் மனித இயல்பு. அம்மறதிக்கு எதிராகவே அம்முதியவர்கள் ஓர் ஏடு எழுதிவைக்க விரும்பினர் போலும்.

ஆலயம் பூட்டப்படுமாயின் நட்டம் சபையாருக்கு மாத்திரமா? நூறாண்டுகளுக்கு மேலாக ஒரு மணியோசை கேட்ட ஊர் அதனை இழக்கும். ஒரு மண்டபத்திலே விளக்கெரிந்து பிள்ளைகள் படித்த மாலைப்பொழுதுகளை இழக்கும். சைவக் கோவில்களிலும் இன்று திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வருகின்றது. தோள்கொடுக்க ஆள் இல்லை. ஆகவே அவ்விரு மூப்பர்களுடைய கவலை நாளை நம்முடைய கவலையுமாகும். அவர்கள் கண்ட வழியை நாமும் கற்றுவைத்தல் நன்று.

பத்திரம் முடிவுறும் வேளையில் இரு ஆலயங்களின் விலாசத்தையும் எழுதவேண்டியிருந்தது. மூப்பர் ஒருவர் தம் சபையின் காணி உறுதிப் பிரதியை விரித்து வாசித்தார். மற்றவரும் தம்முடையதை விரித்தார். மாவட்டம் ஒன்று, பிரிவு ஒன்று, கோவிற்பற்றும் ஒன்றே.

“அப்படியென்றால் ஒருதரம் எழுதினால் போதும், ஐயா” என்றார் மெதடிஸ்தப் பெரியவர்.

நான் ஒருமுறையே எழுதினேன்.